எழுபத்தொன்பது

நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன்.
தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
எழுபத்தொன்பதில் நின்றுவிட்டான் யோகசீலன்,
திருக்கடலூர்,
தம்பியின் வள்ளத்துக்குத் தீ வைத்தவன்.

மறியல் தகரத்தில் காகம் நடக்கும் சத்தம்.
'கவனம் சிதறுகிறது' என்று எழுதப் போனேன்.

"அது வள்ளத்தின்ர நம்பர், டொக்டர்.
அந்த ரெண்டு இலக்கம்தான் கடைசியா எரிஞ்சது.
நிண்டு பாத்தனான்."

அரச சட்டத்தரணிக்கு இந்த ஒரு வரி போதும்.
எனக்குப் போதாது.

அறிந்து செய்தானா, அறியாமலா?
நீதவானின் கேள்விக்குப் படிவத்தில் விட்டிருக்கும் இடம்
என் சுண்டுவிரல் அகலம்.

வெளியே கோட்டை மான் ஒன்று
மோட்டார்சைக்கிள் சீற்றை நக்கிக்கொண்டு நிற்கிறது,
என் வியர்வை உப்புக்கு.
விரட்டவில்லை.

தவணைக்கு இன்னும் ஒன்பது நாள்.
நாளைக்கு வந்து கேட்பேன்:
எழுபத்தொன்பதில் ஏழு போனால்?