பையின் கோடுகள்

விசைப்படகின் இரும்புக்கயிறு கிழித்த கால்
வீங்கி, கறுத்து, காய்ச்சல் தலைக்கேறியபோது
ஒரு மருந்து போதாதென்றார்கள்.
ஸ்டான்லியில், கட்டிலோரக் கம்பியில்
இரண்டு பாட்டில்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது.
தேசப்பன் என் பெயரைச் சரியாகச் சொன்னான்.
அன்றுதான் மூத்திரப்பை
காலியாகத் தொங்கியது.

“கிரியாட்டினின் ரெண்டு புள்ளி எட்டு.
ரெண்டு மருந்தும் சேர்ந்தா
சிலருக்கு கிட்னி தாங்காதும்மா.”
ஒன்றைக் கழற்றினார் டாக்டர்.
கழற்றினால், கால்?
நான் கேட்கவில்லை.
அவரும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிமேட்டில் ஐஸ் நிறுத்து விற்பவள் நான்.
இப்போது மணிக்கு மணி
பையின் கோடுகளைப் படிக்கிறேன்.
பத்து. பத்து.
துறைமுகத்தில் சங்கு ஊதும் விடியலில்
முப்பத்தைந்து.

எதிர்க்கட்டில்காரரின் தங்கச்சியை
உலுக்கி எழுப்பிச் சொன்னேன்.
திட்டினாள்.
பிறகு, “எவ்ளோ?” என்றாள்.