படுத்திருந்த இடம்

சட்டைக்கும் தோலுக்கும் நடுவே
நேற்றைய தினசரி.
தங்கம் விலை நெஞ்சில்,
மணமகள் தேவை முதுகில்.
கசக்கி வைக்கணும் என்பான் மாதன்.
மடித்து வைத்தால் அது காகிதம்,
கசக்கினால்தான் கம்பளி.

காலுறை இரண்டு.
இரண்டுக்கும் நடுவே பாலித்தீன் பை.
மலையில் அதற்குத் தடை.
மஞ்சூர் செக்போஸ்ட்டில்
சுற்றுலா வண்டியிலிருந்து
நானே பறித்து வைத்தது.

அரசாங்கம் தந்த மழைக்கோட்டுக்கு ஜிப் இல்லை.
சணல் கட்டியிருக்கிறேன்.
அதன்மேல் யூரியா சாக்கு.

அப்பர் பவானி அணைக்கு மேலே
சோலை முடிந்து புல் தொடங்கும் விளிம்பில்
குப்புறக் கிடக்கிறோம் இருவர்.
எதிர்ச் சரிவில் எங்கோ
ஒருவன் கிடக்கிறான்.
அவன் கடமானுக்காக.
நாங்கள் அவனுக்காக.

தீ கூடாது. பீடி கூடாது.
இருமல் வந்தால் குல்லாயைக் கடித்துக்கொள்ள வேண்டும்.
எல்லாவற்றையும்விட, வேர்க்கக் கூடாது.
வேர்த்தபடி வந்து படுத்தவனை
உள்ளிருந்தே நனைத்துக் கொல்லும் இந்தக் குளிர்.
அதனால்தான் கோரகுந்தாவிலிருந்து
ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு
மாட்டு வண்டி வேகத்தில் ஏறினோம்.

இதெல்லாம் எங்கே கற்றாய் என்று
ரேஞ்சர் கேட்டதில்லை.
கேட்டால் என்ன சொல்வதென்று
ஒன்பது வருடமாக யோசித்து வைத்திருக்கிறேன்.

அவனுக்கு எங்களைவிட ஒரு வேலை அதிகம்.
மருந்து நனையக் கூடாது.
தைலப் புட்டியைக் கழுவிக் காயவைத்து
அதில் மருந்தடைத்து
மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி
அடிவயிற்றில் வைத்துச் சுருண்டு படுக்க வேண்டும்.
முதுகு நனையலாம்.
தைல வாசத்துக்குக் கடமான் மிரளாது.
இந்த மலையில் காற்றுக்கே அதுதான் வாசம்.

பதினொரு மணிவரை மேகம் மூடியிருந்தது.
பிறகு வானம் சுத்தமாகிவிட்டது.
இத்தனை நட்சத்திரம்
யாருக்கு வேண்டும்?
மேகம் எவ்வளவு கனமான போர்வை என்பது
விலகிய பிறகு தெரிந்தது.

கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்து எண்ணினேன்.
ஏழு வந்தது.
மறுபடி எண்ணினேன்.
மாதன் தன் கைகளை
என் அக்குளில் செருகிக்கொண்டான்,
கேட்காமலே.

மூன்று மணி இருக்கும்.
ஓடைப் பக்கம் கடமான் ஒன்று
உடைந்த ஹாரன்போல ஒருமுறை கத்தியது.
அவன் வாடையா, எங்கள் வாடையா,
தெரியவில்லை.
வெடிச் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்தேன்.
வரவில்லை.
பல் மட்டும் தானாக அடித்துக்கொண்டிருந்தது.

விடிந்தபோது
புல்வெளி முழுக்க உப்புக் கொட்டியது மாதிரி.
மிதித்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.
ஒளிந்து பயனில்லை,
ஓடையைத் தாண்டி நேராக ஏறினோம்.

பெரிய சீகை மரத்தின் மறைவில்
அத்தனை வெள்ளைக்கும் நடுவே
ஒரு பச்சைத் திட்டு.
தலை இருந்த இடம், தோள்,
மடக்கிய முழங்கால்.
வயிற்றைக் காத்தபடி
இடப்பக்கம் சுருண்டு படுத்த ஒரு மெலிந்த உடம்பின் அளவுக்கு
உறைபனி விழாமல் விட்டிருந்தது.

அருகே கசங்கிய காகிதம்.
பிரித்துப் பார்த்தான் மாதன்.
நேற்றைய தினசரிதான்.
எங்களிடம் இல்லாத
விளையாட்டுப் பக்கம்.

அவன் சிரிக்கவில்லை.
நோட்டை எடுத்தான்.
பேனா மை உறைந்திருந்தது.
வாயில் வைத்து ஊதி, உதறி,
தேதி போட்டான், இடம் போட்டான்.
"ஆள் போய் எவ்வளவு நேரமிருக்கும்?"

மண்டியிட்டுப்
புல்லில் உள்ளங்கையை வைத்தேன்.
இன்னும் சூடு இருந்தது.

"சொல்லு, எழுதணும்."

"இரு" என்றேன்.
மற்றக் கையின் உறையையும் கழற்றி
அந்த இடத்திலேயே வைத்தேன்.