திருத்தம் பி

எலுமிச்சை நிறத்தில் மூன்று சக்கர லோடு வண்டி
இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்தில்.
அதன் பின் அச்சு
ராணிப்பேட்டை சிப்காட்டில் நான் கடைந்தது.

"வெறும் விளம்பரம்ப்பா" என்றார் நவ்ஷாத்.
பேனர் நாற்பது போயிருக்கிறது,
மாற்று அச்சு இரண்டே இரண்டு.
பேக்கிங் சீட்டு எழுதியவர் அவர்தான்.

ராத்திரி ஷிப்ட் இடைவேளை, மணி மூன்று.
முத்துக்கடை டீக்கடையில் ஒரு செல்போன், நான்கு தலை.
கார்கள் உறுமிக் கடக்க
எங்கள் வண்டி ஓரமாய்ப் போகிறது,
வாலாஜா சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றியதுபோல்.
சிரித்தோம்.
நானும்தான்.

பதினேழாம் மணியில் அச்சு முறிந்தது.
என் கை சட்டைப்பையில் வெர்னியரைத் தொட்டது.
கேமரா வேறு காருக்குத் திரும்பிவிட்டது.
திரையின் மூலையில்
வண்டிக்கடியில் படுத்திருந்த எவனோ ஒருவனின்
இரண்டு கால்கள் மட்டும்
வெகுநேரம் அசைந்தன.

கடைசி இடம்.

செவ்வாயன்று காலண்டர் வந்தது, வண்டிப் படத்தோடு.
கேண்டீன் சுவரில் மாட்டினார்கள்.
புதனன்று வரைபடம் வந்தது, திருத்தம் பி:
தோள் வளைவு இரண்டு மில்லி அல்ல, மூன்று.
பக்கத்தில் யாரோ பேனாவால்,
கிரீஸ் விரல் பதிய:
"இங்கேதான் விட்டது."

நவ்ஷாத் தாளை டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தார்.
"மாற்று அச்சு எத்தனைன்னு போடட்டும்?"