புள்ளி

டார்ட்டுவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ஹெல்யே நுண்ணோக்கியைத் திருகுகிறாள்:
பால் தொழிற்சாலை லெய்டாவின் மூளைத் துணுக்கு.
உள்ளே, ஆறு வருடம் முன்பு
வெட்டியெடுத்த மார்பு.

மரபணுவில் ஓரெழுத்தும் மாறவில்லை.
என் மொழியில் சொன்னால்
புள்ளிகள்தான் இடம் மாறியிருக்கின்றன.
வாயடைத்துக் கிடந்த மெய்யொன்றின் தலையில்
புள்ளி அழிய,
அது உயிர்மெய்யாகிப் பேசுகிறது;
காவல் சொல்லின் மேலோ
புதிதாய் ஒரு புள்ளி.

சுற்றிலும் நட்சத்திர செல்கள்.
காயமென்று நம்பி ஓடிவந்து
அழற்சியின் அடுப்பை மூட்டியவை.
அதிலேதான் குளிர் காய்கிறது
வந்தது.
அவற்றைத் திட்ட மனம் வரவில்லை ஹெல்யேவுக்கு.

மூன்றாம் மாடி வார்டில்
லெய்டா தன் நாயைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள்.
'ம்' என்கிறாள்.
மறுபடி, 'ம்'.