காற்று நிற்கிறதா

மைனஸ் இருபத்தாறு.
கல்கரியில் ஒரு கடையின் கம்பளத்தின்மேல்
துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.
பூட்ஸிலிருந்து உருகிய பனி
அதுவரை நான் கடந்த தூரத்தைக்
குட்டையாகத் தேக்கி வைத்திருந்தது.
டுவைன் கைகட்டி நின்றார்,
அவசரமில்லாத விற்பனையாளர்.

முதலில் மிதவை வளையம்,
டயர் ட்யூபுக்குச் சட்டை தைத்த மாதிரி.
இடுப்புக்குக் கீழே நீரில் தொங்கவேண்டும்,
வாத்துக்கால் மாட்டி உதைக்கவேண்டும்.
மலிவு. தோளில் மாட்டி
லிஃப்ட் இல்லாத மூன்று மாடியும் ஏறிவிடலாம்.
ஏரிக்கு இது குதிரை, ஆற்றுக்கு மண்குதிரை
என்று அவர் சொல்லவில்லை.
சொன்னது வேறு, எனக்குக் கேட்டது அப்படி.
என் வலது முழங்கால் உடனே ஒப்புக்கொண்டது,
பதினேழு வருடம் பேருந்தின் பிரேக்கை மிதித்த கால்.

அடுத்தது கயாக். வாழைமடல் போல அழகு.
எங்கள் கூடத்தைவிட நீளம்,
துடுப்புக்கும் தூண்டிலுக்கும் சேர்த்து
என்னிடம் இருப்பது இரண்டே கை.

மூலையில் கடைசியாக
இரண்டு காற்றுக்குழாய், நடுவே இரும்புச் சட்டம்,
ஓர் இருக்கை.
விலைச்சீட்டில் கட்டமரான் என்று போட்டிருந்தது.
கட்டும் நம்முடையது, மரமும் நம்முடையது,
இரண்டுமே இதில் இல்லை.
கீழே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டுப்
பழையதாகத் தேடப் போனேன்.

ஓகோடோக்ஸில் ஒரு கராஜில் கிடைத்தது.
விற்றவர் லார்ஸ், தோளில் அறுவை ஆனவர்.
படகைவிட அறிவுரை கனம்.
நங்கூரம் போடாதே,
போட்டால் கத்தி கைக்கெட்ட இருக்கட்டும்.
விழுந்த மரம் தெரிந்தால்
முகத்தை அதற்கு நேரே வை,
பார்த்துக்கொண்டே பின்னால் வலி.
பயப்படுவதற்கு முதுகு காட்டாதே.
ஓர் இரவு ஊதி வை.
காலையில் காற்று நிற்கிறதா பார்.

கூடத்தில் ஊதினேன்.
சோபா சுவரோடு ஒடுங்கியது.
குழாயில் காது வைத்தேன், சீறல் இல்லை.
விளக்கடியில் இறகும் நூலும் சுற்றி
ஒரு பொய் ஈ கட்டினேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றவருக்கு
இந்த மீன்பிடி தெரிந்திருக்கும்:
முப்பது அடிதான், ஒரு சாண் கூடினால்
ஈ கிளையில்.
அளந்தபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது இருக்கையில் சுகிர்தா,
ரொட்டித் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட் முடிந்து.
கால்மிதியில் காலுறை, மணிக்கட்டில் மாவு,
பன்னைத் தேநீரில் தோய்த்தபடி.
"ஒரு சீட்டுத்தான் இருக்கு."
"ஆமா."
"உனக்கு நீந்தத் தெரியாது."

செவ்வாய்தோறும் நகரக் குளத்தின் ஆழப்பக்கத்தில்
அவள் முப்பது சுற்றுப் போவது
எனக்குத் தெரியும்.
குளிர்காலம் முழுக்க நான் போட்ட கணக்கில்
அது மட்டும் வரவேயில்லை.
குழாயை அழுத்திப் பார்த்தேன்.
காற்று நின்றிருந்தது.

ஜூலை. வெள்ளம் வடிந்து
ஆறு பச்சையாகத் தெளிந்த நாள்.
ஃபிஷ் க்ரீக் துறையில்
சட்டத்தின் ஒரு முனை அவள், மறுமுனை நான்.
அவள் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை எண்ணினேன், நான்கு.
மறுபடி எண்ணினேன்.

இந்த ஆற்றின் பெயரைத் தமிழில் எழுதினால்
போ என்று வரும்.
நாள் முழுக்க அதைத்தான்
சொல்லிக்கொண்டும் இருக்கிறது.
தள்ளிவிட்டேன்.
வளைவில் சாய்ந்து கிடந்த மரத்தை
நேருக்கு நேர் பார்த்தபடி
பின்னால் வலித்தாள்.
தூண்டில் இன்னும் கட்டுப் பிரிக்காமலே இருந்தது.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே
போலீஸ்மேன் ஃப்ளாட்ஸில்
காரோடு காத்திருப்பது என் வேலை.
பாலத்தில் வேகம் குறைத்து எட்டிப் பார்த்தேன்,
பேருந்தில் ஒருநாளும் செய்யாதது.
இப்போது முழங்கால் ஆழத்தில்,
குளிரில் கால் மரத்து,
மிச்ச எழுத்தை வாயில் வைத்துக்கொண்டு
நிற்கிறேன்:
வா.