சொல்லுக்குப் பதினோரு காசு

பாய லேபார், மூன்றாம் மாடி. ஏர்கான் பதினெட்டில் நிற்கிறது,
ரிமோட் யாரிடம் என்று தெரியவில்லை.
திங்கள் காலைக்குள் அமெரிக்க அரசியல் சாசனம்
தமிழில் வேண்டும், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு.
முகவுரை, ஏழு பிரிவு, இருபத்தேழு திருத்தம்.
முதல் சொல்லிலேயே நிற்கிறேன்.

ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து.
தோலில், கொழுத்த மையில்,
மற்ற வரிகளைக் குள்ளமாக்கி நிற்கிறது.
நமக்கோ அதற்கு இரண்டு சொல்.
‘நாம்’ என்றால்
கேட்பவருக்கும் இலை போட்டாகிவிட்டது.
‘நாங்கள்’ என்றால் அவர் செருப்பைக் கழற்றாமல்
வாசலோடு பேசிவிட்டுப் போகலாம்.

பக்கத்து மேசையில் ரொஹாய்ஸாவும்
தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.
“கீத்தாவா, காமியா?”
என் மலாய் மீன்கடை மலாய்தான்.
இந்தக் கேள்வி மட்டும் முள்ளோடு புரிந்தது.

அந்தக் கோடையில் ஃபிலடெல்ஃபியாவில்
ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பேசினார்களாம்,
பேச்சு தெருவுக்குப் போகக் கூடாதென்று.
ஐம்பத்தைந்து ஆண்கள். வியர்வை.
ஒரு மன்னனை இப்போதுதான் உதறியிருந்தார்கள்,
அடுத்தவன் தங்களுக்குள்ளிருந்தே எழுந்துவிடுவானோ என்ற பயம்.
அதனால் கோயில் உண்டியலுக்குப் போடுவதுபோல
மூன்று பூட்டு.
சட்டம் செய்கிறவர்கள், அதை நடத்துகிறவர்,
அதற்குப் பொருள் சொல்கிறவர்கள்.
சாவிகள் மூன்று மடியில்.
ஒருவர் வராவிட்டால் மற்ற இருவரும்
உண்டியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.
அவநம்பிக்கையை இவ்வளவு நேர்த்தியாக
யாரும் தைத்து நான் பார்த்ததில்லை.
மூன்று பக்கம் வேகமாக ஓடியது.

பிறகு தலை எண்ணும் இடம் வந்தது.
சுதந்திரர் முழுசு.
‘மற்ற எல்லா ஆட்களும்’ ஐந்தில் மூன்று.
யார் அந்த மற்ற ஆட்கள்?
அடிமை என்ற சொல்லைக் கோப்பு முழுக்கத் தேடினேன்.
மூலத்தில் இல்லை.
எழுபத்தெட்டு ஆண்டு கழித்து,
பதின்மூன்றாம் திருத்தத்தில், ஒழிக்கும்போதுதான்
அதற்குப் பெயர் சொல்லியிருக்கிறார்கள்.

மேலே போய் ‘நாங்கள்’ என்று அடித்தேன்.
அழுத்தியே அடித்தேன்.

நேற்று வேறு வேலை. மனிதவள அமைச்சில்,
சமரசப் பேச்சுக்கு உரைபெயர்ப்பு. மணிக்கணக்குக் கூலி.
அறந்தாங்கிப் பக்கத்து மாயழகு,
கட்டை விரலில் சிமெண்ட் வெடிப்பு,
“நாங்க ஒம்பது பேரு. நாலு மாசமா சம்பளம் வரலை.”
ஆங்கிலத்தில் சொன்னேன்.
“யார் யார்? முதலாளியையும் சேர்த்தா?” என்று
அதிகாரி உண்மையாகவே கேட்டார்.
தமிழில் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

முடிந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது
மாயழகு காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் சொருகிக்கொண்டே
“நாம மறுபடி எப்பக்கா வரணும்?” என்றார்.
நாம.
யார் பக்கமும் சேராமலிருக்கத்தான் எனக்குக் கூலி.
தேதியைச் சொன்னேன். இருபத்தாறு, காலை பத்து.
வேறெதுவும் சொல்லவில்லை.

அந்தத் தோலில் எழுதியவனும் கூலிக்காரன்தான், முப்பது டாலர்.
ஒரு சின்னச் சொல்லை விட்டுவிட்டு
வரிகளுக்கிடையில் செருகினான்.
செருகியதைக் கடைசிப் பக்க மூலையில்
ஒப்புக்கொண்டும் இருக்கிறான்.
தமிழில் இல்லவே இல்லாத சொல் அது.
எனக்கு மூலை தரமாட்டார்கள்:
அடிக்குறிப்பு கூடாது, பலகையில் இடமில்லை என்று
மின்னஞ்சல் வந்துவிட்டது.

பதினைந்தாம் திருத்தம், நிறம்.
பத்தொன்பதாம் திருத்தம், பெண்.
வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக
செருப்பைக் கழற்றும் சத்தம்.
சிலருக்கு உள்ளே வந்த பிறகும் இலை வரவில்லை,
அதுவும் தெரியும்.

ஆறு மணிக்கு ‘நாங்கள்’ என்பதை அழித்து
‘நாம்’ போட்டேன்.
நடந்ததற்காக அல்ல. கேட்டுக்கொண்டு நிற்பவர்களுக்காக.
ரொஹாய்ஸா எட்டிப் பார்த்தாள்.
அவள் ‘காமி’ போட்டிருந்தாள்.
“எழுதினவர்கள் யாரோ அவர்களைத்தானே சொல்லணும்?”
மறுக்க முடியவில்லை. மாற்றவும் இல்லை.

அடுத்த மாதம் ஏதோ ஒரு பள்ளி மண்டபச் சுவரில்
அவள் பலகை ஒரு பக்கம், என் பலகை ஒரு பக்கம்.
ஆங்கிலம் நடுவில்,
தனக்கொன்றும் தெரியாததுபோல.