நற்சான்று

புதூர் ஸ்டேஷனிலிருந்து வந்தவர்
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று
வாசலிலேயே யோசித்தார்.
முப்பத்தொரு வருஷம் நானும்
வாசல்களில் அதைத்தான் யோசித்தேன்.
உலான்பத்தாரில் கூடாரத்தின் நிலைப்படியை
மறந்தும் மிதித்துவிடக் கூடாது.

'தொகுளுவா தமயந்தி, வயசு அறுபத்தொண்ணு,
வேலை...'
பேனா நின்றது.
'தூதர்னா, தூதரகத்துல டைப்பிஸ்டாம்மா?'
ஓய்வு என்று எழுதச் சொன்னேன்.

அரக்குநிறப் பாஸ்போர்ட்டை ரேஸ்கோர்ஸ் ரோட்டு ஆபீசில்
ஒப்படைத்தது போன வெள்ளிக்கிழமை.
மூலையைக் கத்தரித்து, ரத்து என்று குத்தி
என்னிடமே திருப்பித் தந்த பையனுக்கு
இன்னும் மீசை சரியாய் முளைக்கவில்லை.
'நீலம் வந்துரும் மேடம். எங்க போறீங்க?'
எங்கேயும் இல்லை என்றேன்.

'அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் கையெழுத்து வேணும்மா.
ஒங்களத் தெரிஞ்சவங்க.'

நான்கு நாட்டு அதிபர்களிடம்
நற்சான்றுக் கடிதம் நீட்டியிருக்கிறேன்.
இவர் எங்கள் ஆள், இவர் சொல் எங்கள் சொல்
என்று தில்லி எழுதித் தரும்.
சுங்கடிச் சேலையில் லேசாகக் குனிந்து
நான் கொடுப்பேன்.
பாரமரிபோவில் அன்று பெருமழை.
நனைந்த வாத்தியக்காரர்கள் நம் தேசிய கீதத்தை
ஒரு சுருதி கீழே வாசித்தார்கள்.
சிரிப்பை அடக்கியதுதான்
அந்த நாட்டில் என் முதல் பணி.

டாக்கரில் கடைசிப் பணி வேறு.
மேலூர்ப் பக்கத்துப் பையன். மீன் கம்பெனி.
பெட்டிக்குள் இருப்பது இன்னார்தான் என்று
நான் கையெழுத்துப் போட்டால்தான்
விமானத்தில் ஏற்றுவார்கள்.
உயிரோடு அவனைப் பார்த்ததில்லை.
படத்தையும் முகத்தையும்
மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
இடது புருவத்தில் ஒரு வெட்டு.
இரண்டிலும் இருந்தது.
போட்டேன்.

எதிர்வீடு பூட்டிக்கிடக்கிறது.
இஸ்திரிக்கார ரஃபீக்
'வாரம் ஆறு சேலை' என்று மட்டும் சொல்லிவிட்டுக்
கரிக்கையோடு முதல் சாட்சி போட்டார்.
மிச்சம் கீழ்வீட்டு அங்குராஜ்.

அங்குராஜோடு எட்டு மாதமாய் உறவு முறிவு.
மேல்தொட்டித் தண்ணீர் விவகாரம்.
இரண்டு நாடுகளின் நதிநீர் வரைவில்
எழுபது பக்கம் திருத்தியவள் நான்;
ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸுக்கு
ஒரு வாசகம் அகப்படவில்லை.
அவர் வால்வை மூடுவார், நான் திறப்பேன்.
கண்டனங்கள் எல்லாம் படிக்கட்டில்
அவர் மனைவி ஜெயசுதா வழியாகப் போகும், வரும்.

போலீஸ்காரர் இறங்கிக் கதவைத் தட்டினார்.
நான் படி வளைவில் நின்று ஒட்டுக்கேட்டேன்.
தொழிலில் அதுவும் உண்டு,
வெளியே சொல்லமாட்டோம்.

'மாடிவீட்டம்மாவத் தெரியுமாண்ணே?'
கொஞ்ச நேரம் டிவி மட்டும் பேசியது.
'தெரியாமயா?
ராத்திரி ரெண்டு மணிக்குக் கார்ப்பரேஷன் தண்ணி வரும்.
மோட்டாரப் போட்டுட்டு அப்படியே தூங்கிருவாங்க.
தொட்டி நெறஞ்சு எங்க சன்னல்ல ஊத்தும்.
நல்லாத் தெரியும்.'
'வேற ஏதும் வில்லங்கம்?'
'இது பத்தாதா?'
'கையெழுத்து...'
'குடுங்க இங்கிட்டு.'

மேலே வந்தவர் கிளம்பாமல் தலையைச் சொறிந்தார்.
அன்பளிப்பு எந்தத் தொகையைத் தாண்டினால்
கணக்கில் காட்டவேண்டும் என்பது எனக்கு அத்துபடி.
காபி கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாக.

அன்றிரவு ஒன்று ஐம்பதுக்கு அலாரம்.
மோட்டாரைப் போட்டுவிட்டுச்
சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்து
தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.
கீழே ஒரு விளக்கு எரிந்தது.
நிரம்பி வழியுமுன் நிறுத்தினேன்.
சற்றுப் பொறுத்து
விளக்கு அணைந்தது.